கொக்கி ஒன்று, தொங்குவது இரண்டு

‘திரு. சவுரிமுத்து, மூத்த ஒளியமைப்பு ஆலோசகர். துணிச்சலான தேர்வுகளில் உங்கள் துணை.’

சேலையூர் கேம்ப் ரோட்டில் உள்ள ஒரு விளக்குக் கடையின் விளம்பரத் தாளில், சிரிக்கும்படி வற்புறுத்தப்பட்ட ஒரு முகத்தின் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது. இதில் பெயர் மட்டும் சரி.

சவுரிமுத்து மின்சாரத்துக்குப் பயந்தவர். ரப்பர் செருப்பு இல்லாமல் எந்த சுவிட்சையும் தொடமாட்டார்; செருப்பு இருந்தாலும் விரல் நகத்தால்தான் தட்டுவார். ஏணியில் ஏறமாட்டார், ஏறுகிறவருக்குப் பக்கத்தில் நிற்கவும் மாட்டார். ஜி.எஸ்.டி. சாலையைக் குறுக்கே கடக்க நேர்ந்தால், யாராவது குடும்பத்தோடு வருகிறார்களா என்று காத்திருந்து, அந்தக் குடும்பத்தின் நடுவில் புகுந்து கடப்பார். இப்படிப்பட்ட மனிதர் தலைக்கு மேல் கண்ணாடியும் மின்சாரமும் தொங்குகிற ஓர் அறையில் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்திருக்கிறார். இதைப் பற்றி அவர் மனைவி ஷீலாவுக்கு ஒரு கருத்து உண்டு. “உக்காந்து பயப்படறதுக்குன்னே சம்பளம் குடுக்குற ஒரே கடை அதுதான். வேற எங்க போவாரு?”

ஆனால் வியாபாரம் அந்தப் பயத்தால்தான் நடந்தது. தாம்பரத்துக்குத் தெற்கே புதுவீடு கட்டி முடித்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: லைட்டெல்லாம் எங்கே வாங்கினீர்கள்? பாரிமுனைப் பக்கம் போனால் விலை குறைவு. கைப்பேசியில் வாங்கினால் இன்னும் குறைவு, அலைச்சலும் இல்லை. ஆனால் அந்த இரண்டு இடத்திலும் உங்களுக்காகப் பயப்பட ஆள் கிடையாது. சவுரிமுத்துவிடம் போனால் கிடைப்பார்.

“இது பாத்ரூமுக்கா மேடம்? வேணாம். தண்ணி தெறிச்சா உள்ள எறங்கிடும். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் தாண்டி ஒரு கடை இருக்கு, அங்க மூடி போட்ட மாடல் வெச்சிருக்காங்க. அத வாங்கிக்கோங்க.”

முதலாளி ஜெயகிருஷ்ணன் இதைக் கல்லாவில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர் படியிறங்கியதும் ஆரம்பிப்பார்.

“யோவ் சவுரி, நீ எனக்கு வேலை செய்றியா, ராஜகீழ்ப்பாக்கத்தானுக்கா?”

“நாளைக்கு ஷாக் அடிச்சா நம்ம கடை பேருதான கெடும் மொதலாளி.”

“அடிச்சா வந்து சொல்லு. அடிக்கறதுக்கு முன்னாடியே இன்னாத்துக்கு அழுவுற?”

சொன்னாரே தவிர, வேலையை விட்டு அனுப்பவில்லை. குளியலறை விளக்குக்கு வேறு கடைக்குப் போகச் சொன்ன மனிதரிடம் ஜனங்கள் திரும்பிவந்து மீதி வீட்டுக்கான விளக்கு முழுவதையும் வாங்கினார்கள். ஜெயகிருஷ்ணனுக்கு இந்தக் கணக்கு புரியவில்லை. புரியாவிட்டாலும் பிடித்திருந்தது.

கடையின் நடுவில் ஒரு பெரிய சரவிளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. பித்தளை நிறக் கைகள், அடுக்கடுக்காகக் கண்ணாடித் தொங்கல்கள். வெகுநாளாக விற்காத சரக்கு. சவுரிமுத்து ஒருநாளும் அதன் கீழே நடந்ததில்லை. எதிர்ச்சுவரில் இருக்கும் பல்பு அட்டையை எடுக்கவேண்டும் என்றால் கடையை ஒரு பிரதட்சணம் வந்துதான் எடுப்பார்.

அதைக் கேட்டு ஒரு தம்பதி வந்தார்கள். ராஜகோபாலன் ஆயுள் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்; பிறருக்கு நேரக்கூடிய எல்லா ஆபத்துகளையும் தாளில் பார்த்துப் பழகியவர். அவர் மனைவி அபிதகுஜாம்பாள் ஊரப்பாக்கத்தில் கட்டி முடித்த தனிவீட்டின் கூடத்தை மனதில் வைத்துக்கொண்டு, அந்தச் சரவிளக்கை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

“மேல கான்கிரீட்ல ஹூக்கு இருக்கா மேடம்?” என்று சவுரிமுத்து தள்ளி நின்று கேட்டார்.

“ஹால் நடுவுல போட்டிருக்கா.”

“ஒண்ணுதானா?”

“ஒரு ஹாலுக்கு எத்தனை ஹூக்கு போடுவா?”

“அப்போ அதுலதான் மாட்டணும் மேடம். வேற எதுலயும் மாட்டக் கூடாது. ரொம்பக் கனம்.”

ராஜகோபாலன் சிரித்தார். “ஹூக்குல மாட்டாம, பின்ன காலண்டர் ஆணியிலயா மாட்டுவா? நீர் ரொம்ப பயமுறுத்தறீர் ஓய்.”

கொக்கி என்பது கூரைத் தளம் போடும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டி, கான்கிரீட்டில் புதைத்துவிடும் இரும்பு. வீடு நிற்கும்வரை அது நிற்கும். இப்போதெல்லாம் அந்தத் தளத்துக்குக் கீழே அழகுக்காக இன்னொரு கூரை போடுகிறார்கள்: மெல்லிய தகரச் சட்டம், அதில் ஜிப்சம் பலகை. ஃபால்ஸ் சீலிங் என்று பெயர். அது தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். வேறு எதையும் தாங்குவதாக அது யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

விளக்கு விற்றது. கடை எலக்ட்ரீஷியன் பிரிட்டோ கொண்டுபோய் மாட்டினான். கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய மாலை, அபிதகுஜாம்பாளிடமிருந்து கடையின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கூடவே ‘பிரமாதம்! எல்லாரும் எங்கே வாங்கினேள்னு கேக்கறா’ என்று ஒரு வரி. ஜெயகிருஷ்ணன் அதைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டு, சவுரிமுத்துவிடம் நீட்டினார்.

சவுரிமுத்து பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது கூடத்தின் நடுவில் இல்லை. வாசல் பக்கமாகத் தள்ளி இருந்தது. கூடத்தின் நடுவில், கொக்கி இருந்த இடத்தில், ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

உடனே பிரிட்டோவைக் கைப்பேசியில் கூப்பிட்டார்.

“டேய், ஊரப்பாக்கத்து சாண்ட்லியர எதுலடா மாட்டுன?”

“அத்த ஏன் கேக்குறண்ணே. அந்தம்மா ஹூக்குல லைட்டத்தான் மாட்டணும்னாங்க. சாரு, வைகாசி வெயில்ல ஃபேன் இல்லாம ஹோமம் பண்ணா வெந்து பூடுவோம்னாரு. ஒரே சண்டை. கடசில ஃபேன ஹூக்குல போட்டு, லைட்ட சீலிங் சட்டத்துல போட்டேன். நாலு ஸ்க்ரூ டைட்டா முடுக்கிகீறேன். யானைய கட்டி தொங்கவுட்டாலும் தாங்கும்.”

“யானைய எவன்டா தொங்கவிடப் போறான்? கீழ மனுஷங்க உக்காருவாங்கடா!”

“நீ சொம்மா பேஜார் பண்ணாதண்ணே. நாளிக்கு அங்கதான் பக்கத்துத் தெருவுல வேலை. முட்ச்சிட்டு ஒரு எட்டு பாக்குறேன்.”

பிரிட்டோ இணைப்பைத் துண்டித்தான். சென்னைக்காரர்கள் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பார்கள், மின்விசிறியை விட்டுக்கொடுக்கமாட்டார்கள் என்பதைச் சவுரிமுத்து கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் பயந்தவர், இந்த ஒன்றுக்கு மட்டும் பயப்படாமல் விட்டிருந்தார்.

ராஜகோபாலனின் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்தார். எடுக்கவில்லை. உறவினர்கள் வந்திறங்கும் வீட்டில் யார் கைப்பேசியைப் பார்ப்பார்கள்? ஜெயகிருஷ்ணனிடம் சொன்னார்.

“யோவ், கிரகப்பிரவேசத்துக்கு மொத நாளு போன் பண்ணி, உங்க வூட்டு லைட்டு வுழுந்துடும்னு சொல்லப் போறியா? விளங்கும். ஃபங்ஷன் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

“ஃபங்ஷன்லதான மொதலாளி எல்லாரும் அதுக்குக் கீழ உக்காருவாங்க?”

ஜெயகிருஷ்ணன் வேறு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் சவுரிமுத்து சாப்பிடவில்லை. படுத்ததும் கூரையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் தொங்கவில்லை. இருந்தாலும் கட்டிலைச் சுவரோரம் நகர்த்தினார். ஷீலா எழுந்து உட்கார்ந்தார்.

“இங்க கட்டில தள்ளிப் போட்டா அங்க லைட்டு நிக்குமா? மொத வண்டிய புடிச்சுப் போயி நேருல சொல்லுங்க.”

“அவங்க கோச்சுக்கிட்டா?”

“கோச்சுக்கட்டும். நீங்க சொல்லாம இருந்து, அங்க ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் உங்கள நான்தான வெச்சுக்கிட்டு அழணும்?”

விடியும் முன் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினார். பெட்டியில் தலைக்கு மேல் விசிறிகள் வரிசையாகத் தொங்கின. எதற்கும் நேர் கீழே இல்லாத ஒரு மூலையைத் தேர்ந்து நின்றுகொண்டார். பெருங்களத்தூரில் அவர் மனதில் விளக்கு லேசாக ஆடியது. வண்டலூரில் ஒரு திருகு கழன்றது. ஊரப்பாக்கத்தில் இறங்கியபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. தெருமுனையில் நாதஸ்வர ஒலிப்பதிவு கேட்ட பிறகுதான் கால்கள் தொடர்ந்து நடந்தன. துக்கம் நடந்த வீட்டில் நாதஸ்வரம் போடமாட்டார்கள்.

வாசலில் வாழைமரம், மாவிலை. கூடத்தின் உள்கோடியில் ஹோமப் புகை. வாத்தியார் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் மின்விசிறி. வாசல் பக்கம் பெரிய ஜமக்காளம் விரித்து, புகைக்கு ஒதுங்கிய உறவுக்கூட்டம் முழுவதும் அதில் உட்கார்ந்திருந்தது. ஜமக்காளத்துக்கு மேலே சரவிளக்கு.

மின்விசிறிக் காற்றில் கண்ணாடித் தொங்கல்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. “கோவில் மணி மாதிரி என்ன ஒரு நாதம்!” என்றார் ஒரு பெரியவர், அதற்கு நேர் கீழே கால் நீட்டியபடி.

பட்டு வேட்டியோடு ராஜகோபாலன் எழுந்து வந்தார். “அடடே, கடைக்காரரே வந்துட்டாரே! வாங்கோ வாங்கோ. டிபன் சாப்டுங்கோ.”

“சார், அந்த லைட்டு...”

“அமர்க்களம் போங்கோ!”

“சார், அது ஹூக்குல இல்ல. சட்டத்துல இருக்கு. அது விழு...”

ராஜகோபாலன் அவர் கையை அழுத்திப் பிடித்தார். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. குரல் மட்டும் இறங்கியது. “இன்னிக்கு இந்த ஆத்துல அந்த வார்த்தை வரப்படாது. காதுல விழுந்தா என் ஆத்துக்காரி மனசொடிஞ்சு போயிடுவா.”

“கழட்டி வெச்சிடலாம் சார். பிரிட்டோ பக்கத்துத் தெருவுலதான்...”

“கிரகப்பிரவேசத்தன்னிக்கு, ஏத்தின விளக்கைக் கழட்டறதா? பேசாம இரும். சாயங்காலம் பாத்துக்கலாம்.”

அவரை வாத்தியார் கூப்பிட்டார். போய்விட்டார். சவுரிமுத்து சுவரோடு ஒட்டி நின்றார். அழைக்கப்படாத வீட்டில், தெரியாத மந்திரங்களுக்கு நடுவே, எல்லோரும் தலைகுனிந்திருந்த நேரத்தில் அவர் ஒருவர் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கின் தண்டு கூரையில் சேரும் இடத்தில் ஒரு பித்தளைக் கிண்ணம் கவிழ்த்திருந்தது. கிண்ணத்துக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தது. முதலில் அது நிழல் என்று நினைத்துக்கொண்டார்; அப்படி நினைப்பது நன்றாக இருந்தது.

பிறகு ஜமக்காளத்தைப் பார்த்தார். விளக்குக்கு நேர் கீழே, சிவப்புப் பட்டையின் மேல், கொஞ்சம் வெள்ளைப் பொடி உதிர்ந்திருந்தது.

பக்கத்தில் வந்த அபிதகுஜாம்பாளும் அதைப் பார்த்தார். “யாரு கோலமாவைக் கொட்டினது? கொழந்தைகள்தான்” என்று முந்தானையால் தட்டிவிட்டுப் போனார். தட்டிய இடத்தில் சற்று நேரத்தில் மறுபடியும் வெள்ளை.

சவுரிமுத்து மெல்ல நகர்ந்துபோய், வெறுங்காலோடு, நகத்தால், மின்விசிறியை நிறுத்தினார். கிணுகிணுப்பு அடங்கியது.

“யாருப்பா ஃபேனை ஆஃப் பண்ணது? வேர்த்துக் கொட்டறது!” என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யாரோ ஒரு பெண் எட்டிப் போட்டார். கிணுகிணுப்பு மறுபடி ஆரம்பித்தது.

மறுபடியும் நிறுத்தினார். “யாருய்யா நீர்? எங்காத்துல வந்து எங்களுக்கே காத்து இல்லாம பண்றீர்?” என்றார் கால் நீட்டியிருந்த பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். விசிறி மறுபடி சுற்றியது.

ஹோமத்தை முடிக்கும் பூர்ணாஹுதி நேரம் வந்தது. ஜமக்காளத்தில் இருந்தவர்கள் எழுந்து ஹோமகுண்டத்தை நோக்கி நகர்ந்தார்கள். சவுரிமுத்துவுக்கு மூச்சு வந்தது. ஜமக்காளம் காலியாயிற்று. அப்போது, பெரியவர்களின் கால்களுக்கு இடையிலிருந்து, எதிர்த் திசையில் ஒரு குழந்தை தவழ்ந்து வந்தது. வீட்டின் பேரன் கேஷவ். விளக்கின் ஒளித்துணுக்குகள் ஜமக்காளத்தில் ஆடிக்கொண்டிருந்தன; அவற்றைப் பிடிக்க வந்துகொண்டிருந்தான். ஒன்றின் மேல் கையை வைத்தான். அது நழுவியது. அடுத்ததைத் தேடி நடுவுக்கு வந்து, வெள்ளைப் பொடியில் உட்கார்ந்துகொண்டு, மேலே பார்த்துச் சிரித்தான்.

மேலே ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஹோமச் சுள்ளி வெடித்ததாகவும் இருக்கலாம்.

சவுரிமுத்து ஓடினார். குழந்தையை அள்ளி எடுத்து, திரும்பிப் பார்த்துப் பதறிவந்த அதன் தாயிடம் கொடுத்தார். பூர்ணாஹுதி முடிந்து மொத்தக் கூட்டமும் பழைய இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. புகைப்படக்காரர் வேறு, “எல்லாரும் லைட்டுக்குக் கீழ வாங்க சார், ஒரு குரூப் எடுத்துடலாம்” என்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

சவுரிமுத்து ஜமக்காளத்தின் நடுவில் மல்லாந்து விழுந்தார்.

அந்த மயக்கம் நிஜமா, நடிப்பா என்று பிறகு பலர் விவாதித்தார்கள். பாதி நிஜம் என்றுதான் அவரும் சொல்கிறார். எந்தப் பாதி என்று சொல்லத் தெரியவில்லை.

“ஐயையோ, மயக்கம் போட்டுட்டார்! தள்ளிக்கோங்கோ, தள்ளிக்கோங்கோ, காத்து வரட்டும்!” கூட்டம் வட்டமாகப் பின்வாங்கியது. விளக்கின் அகலத்தைத் தாண்டியே பின்வாங்கியது. அவருக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் அடுத்த குரல், “ஃபேனை ஃபுல்லா வையுங்கோ!” என்றது.

விசிறி வேகமெடுத்தது. விளக்கு ஆடத் தொடங்கியது. கீழே கிடந்தவர் கண்ணைத் திறந்தார். வாழ்நாள் முழுவதும் எதன் கீழே நடக்காமல் சுற்றிப் போனாரோ, அது நேராக முகத்துக்கு மேல் அசைந்துகொண்டிருந்தது. கிண்ணத்தின் இடைவெளி இப்போது நிழல் இல்லை. பொடி அவர் நெற்றியில் விழுந்தது. மூடிக்கொள்ளலாம் என்றால் இமைகள் கேட்கவில்லை.

இரண்டு பேர் அவரைத் தூக்க வந்தார்கள். “தொடாதீங்க!” என்று அலறினார். “அசைச்சா உசுரு போயிடும்.” அவர்கள் பயந்து விலகினார்கள்.

ராஜகோபாலன் குனிந்தார். “என்ன ஓய் இது? எழுந்திருங்கோ. நல்ல நாளும் அதுவுமா நடுக்கூடத்துல இப்படி நீட்டிப் படுத்தா பாக்கறவா என்ன நெனைப்பா?”

“அத எறக்குங்க சார். எந்திரிக்கிறேன்.”

ராஜகோபாலன் அவர் நெற்றியில் இருந்த பொடியைப் பார்த்தார். மேலே பார்த்தார். பிறகு ஒரு சிறு கணக்குப் போட்டார் என்று நினைக்க வேண்டியிருக்கிறது. ஏற்றிய விளக்கை இறக்குவது அபசகுனம். புதுவீட்டின் நடுக்கூடத்தில் ஒரு மனிதன் பிணம்போலத் தெற்கே தலைவைத்து மல்லாந்து கிடப்பது அதைவிடப் பெரிய அபசகுனம். வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கண்ணாலேயே சொன்னார்: முதலில் இந்த ஆளை எழுப்புங்கள்.

“யாராவது அந்த பிரிட்டோவுக்கு போன் போடுங்கோ,” என்றார் ராஜகோபாலன். தானே போய் விசிறியையும் நிறுத்தினார். இந்த முறை யாரும் வேர்க்கிறது என்று சொல்லவில்லை.

பிரிட்டோ ஏணியோடு வந்தான். இரண்டு பக்கமும் கால் விரியும் ஏணி. வேறு வழியில்லாமல் சவுரிமுத்துவுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு காலாக வைத்தான்.

“கொஞ்சம் நவுருண்ணே.”

“நான் நவுந்தா இவங்க வந்து நின்னுடுவாங்கடா. நீ ஏறு.”

“லூசு” என்று முனகிக்கொண்டே ஏறினான். கிண்ணத்தைக் கீழே தள்ளிப் பார்த்தவன் அதன் பிறகு முனகவில்லை. “சார், ரெண்டு பேர் வந்து கீழருந்து புடிங்க. சீக்கிரம். அண்ணே, மூஞ்ச கையால மூடிக்க.” ராஜகோபாலனும் அவர் மாப்பிள்ளையும் நாற்காலி போட்டு ஏறி விளக்கைத் தாங்கினார்கள். பிரிட்டோ முதல் திருகில் திருப்புளியை வைத்தான்; திருப்பவேண்டிய தேவை இருக்கவில்லை, கையோடு வந்தது. விளக்கு இறங்கியபோது, வளைந்த தகரச் சட்டத்தில் ஒரு துண்டும் கூடவே இறங்கியது. கூரையில் பலகை பிய்ந்து ஓர் ஓட்டை.

அபிதகுஜாம்பாள் அந்த ஓட்டையைப் பார்த்தார்; ஜமக்காளத்தைப் பார்த்தார்; பேரனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் இறக்கவில்லை.

“இன்னும் ரெண்டு வருஷம் தாங்கியிருக்கும்” என்று பிரிட்டோ வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னான். மாப்பிள்ளை, மத்தியானச் சாப்பாடுவரை தாங்கியிருக்காது என்றார். பெரியவருக்கு, அந்த ஆள் படுத்துப் பார்த்துத்தான் கண் பட்டுப்போயிற்று என்று அபிப்பிராயம். மூன்றில் எது சரி என்று தெரிந்துகொள்ள இனி வழியில்லை. ஜெயகிருஷ்ணன் தன் கடை ஆள் கிரகப்பிரவேச வீட்டில் கிடந்து மானத்தை வாங்கினதாக ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சவுரிமுத்து செய்தது இதுதான்: குழந்தையைத் தூக்கி அதன் தாயிடம் கொடுத்தார், விளக்கின் கீழே படுத்தார், அது இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை.